போக வேண்டிய எரிபொருள் தங்கிவிட்ட கதை: கூடங்குளமும் ஏ.எஃப்.ஆரும்

ராதாபுரத்தில் 2019 ஜூலை 10 அன்று நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. கூடங்குளம் அணுமின் நிலைய வளாகத்துக்குள் ‘ஏ.எஃப்.ஆர்.’ (Away From Reactor) என்ற பெயரில், உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை வைக்க ஒரு சேமிப்பு வசதி கட்டப்போகிறார்கள், அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றி மக்கள் கருத்தைச் சொல்லலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்திருந்தது. கட்சிகள் எதிர்த்தன, சுற்றுவட்டார ஊர்களும் எதிர்த்தன. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

அந்த நாட்களில் எங்கு பார்த்தாலும் இரண்டு குரல்கள்தான். கூடங்குளத்தை அணுக்கழிவுக் குப்பைமேடாக்கப் பார்க்கிறார்கள் என்றது ஒன்று. இது கழிவே இல்லை, மறுபடி பயன்படப்போகும் பொருள், அதை வைக்கப் பாதுகாப்பான ஒரு குளம் கட்டுகிறோம் என்றது இன்னொன்று. முதல் குரல் கொஞ்சம் மிகைப்படுத்தியது. அங்கே வைக்கப்போவது கூடங்குளம் உலைகளிலேயே எரிந்த எரிபொருளை. வேறு ஊரிலிருந்து லாரியில் வந்து இறங்குவதை அல்ல. இரண்டாவது குரல் சொன்னதில் பெரிய தவறு இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் கேட்டது குளத்தின் கான்கிரீட் எவ்வளவு தடிமன் என்று அல்லவே. இந்த எரிபொருள் ஏன் இங்கேயே இருக்கிறது, இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்றுதான் கேட்டார்கள். முதல் இரண்டு உலைகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி எந்தச் சுற்றுச்சூழல் ஆய்வின் மேசைக்கும் ஒழுங்காக வந்து சேரவில்லை. எப்படி நழுவியது என்பதைப் பார்க்க, முதலில் உலைக்குள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

கூடங்குளத்தில் ஓடுவது ரஷ்யாவின் வி.வி.இ.ஆர்.-1000 வகை உலை. உள்ளே 163 எரிபொருள் கட்டுகள் நிற்கும். ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் உயரமுள்ள அறுகோணக் கட்டு. அதில் முந்நூற்றுச் சொச்சம் மெல்லிய உலோகக் கோல்கள், கோல்களுக்குள் செறிவூட்டிய யுரேனியம். ஒரு கட்டில் இருக்கும் யுரேனியம் ஏறக்குறைய அரை டன். தொடக்கத்தில் இருந்த முறைப்படி, ஆண்டுக்கு ஒருமுறை உலையை நிறுத்தி மூன்றில் ஒரு பங்கு கட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பார்கள்.

எடுத்த கட்டு அதோடு அடங்கிவிடாது. யுரேனிய அணுக்களின் பிளவு நின்ற பிறகும், பிளவில் பிறந்த கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். சிதைய சிதைய வெப்பம் வரும். உலையை நிறுத்திய கணத்தில் அதன் முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம் இப்படி வந்துகொண்டிருக்கும். ஒரு நாளில் அது அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். அரை சதவீதம்தானே என்று தோன்றலாம். 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அது 15 மெகாவாட். அதனால்தான் எடுத்த கட்டுகளை உடனே தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். தண்ணீர் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும், கதிர்வீச்சையும் மறைக்கும். இந்த வகை உலையில் அந்தக் குளம் உலைக் கட்டடத்துக்குள்ளேயே, அதே கான்கிரீட் கவசத்துக்கு உள்ளே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இடம் குறைவு. ஏழெட்டு ஆண்டு எரிபொருளுக்குத்தான் போதும். அவசரம் என்றால் உலையில் இருக்கும் மொத்தக் கட்டுகளையும் இறக்க இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதால், குளத்தை விளிம்புவரை நிரப்பவும் முடியாது.

அப்புறம் எங்கே போவது? அதற்குத்தான் ஏ.எஃப்.ஆர். உலையிலிருந்து தள்ளி, ஆனால் நிலையத்தின் மதிலுக்கு உள்ளேயே, தனியாக ஒரு பெரிய குளம். சில ஆண்டுகள் ஆறிய கட்டுகளைக் கனமான கலனில் வைத்து அங்கே கொண்டுபோவார்கள். ஆறியவை என்பதால் அபாயம் குறைவு. புகுஷிமாவில் 2011-ல் உலகமே பயந்து பார்த்தது நான்காம் உலையின் மேல்தளத்தில் இருந்த குளத்தை. அப்போதுதான் உலையிலிருந்து இறக்கிய சூடான கட்டுகள் அதில் இருந்தன. அதே வளாகத்தில் தரைமட்டத்தில் இருந்த பொதுக் குளமும், உலர் கலன்களில் இருந்த எரிபொருளும் பெரிய சேதமில்லாமல் தப்பின. ஆகவே உலைக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து வைப்பதைவிடத் தனியே நகர்த்துவது மேல் என்று பொறியாளர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன்.

சரி, கட்டடம் அப்படி. அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1988-க்குப் போக வேண்டும்.

ஒரு வாக்குறுதியின் மேல் நின்ற அனுமதி

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, சோவியத் யூனியன் இரண்டு உலைகளைக் கட்டித் தரும், எரிபொருளையும் தரும். எரிந்த எரிபொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்ற ஒன்று அப்போது சட்டத்தில் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994-ல்தான் கட்டாயமானது. மக்களிடம் கேட்க வேண்டும் என்பது 1997-ல் வந்தது.

எந்தத் திட்டத்துக்கு அந்த 1989 அனுமதி? பேச்சிப்பாறை அணையிலிருந்து நன்னீர் எடுக்கும் திட்டத்துக்கு. எரிந்த எரிபொருள் கப்பலேறிப் போய்விடும் திட்டத்துக்கு. இரண்டுமே பின்னால் மாறின. தண்ணீருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. எரிபொருள் விஷயத்தில் நடந்த மாற்றம் அதைவிடப் பெரியது. 1991-ல் சோவியத் யூனியன் இல்லாமல் போனது, திட்டம் கிடப்பில் கிடந்தது. 1998 ஜூன் 21 அன்று ரஷ்யாவோடு ஒரு துணை ஒப்பந்தம் போட்டுத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தார்கள். அதில் எரிந்த எரிபொருள் இந்தியாவுக்கே என்று ஆனது.

இதை டெல்லி ஒரு தோல்வியாகப் பார்க்கவில்லை, வெற்றியாகவே பார்த்தது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் உயிர்நாடியே எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்து எடுத்து (இதுதான் மறுசுத்திகரிப்பு), எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வேக ஈனுலைகளுக்குக் கொடுப்பதுதான். அந்தக் கண்ணோட்டத்தில், எரிந்த கட்டுகளை ரஷ்யாவுக்குத் திருப்பிக் கொடுப்பது கையில் இருக்கும் சொத்தை விட்டுக்கொடுப்பது. பேச்சுவார்த்தை மேசையில் வாங்கிய சலுகை நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரைக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்தது: ஏழெட்டு ஆண்டு குளத்தில் ஆறியதும் கிளம்பிப் போக வேண்டிய பொருள் இப்போது போக இடமில்லாமல் நிற்கிறது. இதே ரஷ்யாவின் உலைகளை வாங்கிய வங்கதேசம், ரூப்பூர் நிலையத்தின் எரிந்த எரிபொருளை ரஷ்யாவே திரும்ப எடுத்துக்கொள்ள 2017-ல் ஒப்பந்தம் போட்டது. ஈரானின் புஷேருக்கும் அப்படித்தான். ரஷ்யா எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னதால் வந்த நிலைமை அல்ல இது.

மாற்றம் இவ்வளவு பெரிது என்றால் ஆய்வையும் புதிதாகச் செய்திருக்க வேண்டாமா? செய்யவில்லை. 2001-ல், 1989 அனுமதியே செல்லும், கருத்துக் கேட்பு தேவையில்லை என்று அமைச்சகம் சொல்லிவிட்டது. 2002 மார்ச்சில் முதல் உலைக்கு அடித்தளக் கான்கிரீட் விழுந்தது. எரிபொருள் வெளியே போய்விடும் என்று எழுதிய தாளை வைத்து, எரிபொருள் உள்ளேயே இருக்கப்போகும் நிலையத்தைக் கட்டினார்கள். சட்டப்படி இதற்கு விளக்கங்கள் உண்டு, நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் சுற்றுச்சூழல் ஆய்வு எதற்காக இருக்கிறதோ அந்த நோக்கத்தின்படி பார்த்தால், திட்டத்தில் இதைவிட முக்கியமான திருத்தம் ஒன்றைக் கற்பனை செய்வது கடினம்.

நீதிமன்றம் போட்ட கெடு

பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் கோ. சுந்தர்ராஜன் நிலையத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. புகுஷிமாவுக்குப் பிந்தைய காலம் அது. இடிந்தகரையில் போராட்டம் உச்சத்தில் இருந்தது. எரிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப எழுந்தது. 2012 நவம்பரில் கோலார் தங்க வயலின் கைவிடப்பட்ட சுரங்கம் பற்றிப் பேச்சு அடிபட்டது. மறுநாளே கோலாரில் கொந்தளிப்பு. அப்படி ஒரு திட்டமே இல்லை, அங்கே முன்பு நடந்தது ஒரு பரிசோதனை மட்டுமே என்று அரசுத் தரப்பு அவசரமாகப் பின்வாங்கியது. எந்த ஊரும் இதை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை என்பதை அரசுக்குக் காட்ட அந்தச் சில நாட்களே போதுமானதாக இருந்தன.

2013 மே 6 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் அளித்த தீர்ப்பு நிலையத்துக்குத் தடை போடவில்லை. 1989 அனுமதி செல்லும் என்றது. ஆனால் எரிந்த எரிபொருளை நிலையத்திலேயே நீண்டகாலம் வைத்திருப்பது உடல்நலத்துக்கும் சூழலுக்கும் ஆபத்து என்ற கவலையையும் பதிவுசெய்து, நிபந்தனைகள் போட்டது. ஐந்து ஆண்டுக்குள் கூடங்குளத்தில் ஏ.எஃப்.ஆர். கட்ட வேண்டும். நிரந்தரமாகப் புதைத்து வைக்கும் ஆழ்நிலக் கிடங்கை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அமைக்க வேண்டும்.

இரண்டு நிபந்தனைகளில் எது சுலபமோ அதற்குக் கெடு இருந்தது. எது கடினமோ அதற்கு இல்லை. விளைவு எதிர்பார்த்த மாதிரியே வந்தது. ஆழ்நிலக் கிடங்கு இப்போதைக்குத் தேவையில்லை, மறுசுத்திகரிப்புக்குப் பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பது அணுசக்தித் துறையின் நிலைப்பாடாக இருந்துவந்தது. ஏ.எஃப்.ஆருக்கான கெடு 2018-ல் முடிந்தபோது, இந்திய அணுமின் கழகம் மேலும் அவகாசம் கேட்டது. நீதிமன்றம் 2022 ஏப்ரல் வரை நீட்டித்தது.

இன்னொரு விளைவும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சாரமான பகுதிகளில் ஒன்று மாற்று வழிகளை ஆராய்வது. வேறு இடத்தில் வைத்தால் என்ன, வேறு முறையில் வைத்தால் என்ன, திட்டமே இல்லாவிட்டால் என்ன என்று கேட்க வேண்டும். இங்கே இடத்தைத் தீர்ப்பே சொல்லிவிட்டது. முதல் உலையில் 2015-லேயே கட்டுகளை மாற்றத் தொடங்கியாயிற்று, குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. ‘கட்டாமல் விட்டால்’ என்ற மாற்றுக்கு அர்த்தம், உலையை நிறுத்துவது. ஆகவே 2019-ல் ராதாபுரத்தில் கூட்டம் நடந்திருந்தாலும், மக்கள் சொல்லி மாற்றக்கூடியதாக மீதம் இருந்தது மிகக் குறைவு. எல்லாம் முடிவான பிறகு கருத்துக் கேட்பது கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது மாதிரி.

பெட்டியின் அளவு

ஏ.எஃப்.ஆருக்கான திட்ட ஆவணம் சொல்லும் கொள்ளளவு 4,328 எரிபொருள் கட்டுகள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 163-ல் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஓர் உலைக்கு ஆண்டுக்குச் சுமார் 54 கட்டு, இரண்டு உலைக்கு 108. 4,328-ஐ 108-ஆல் வகுத்தால் நாற்பது ஆண்டு. உலைக்குள் இருக்கும் குளங்களின் இடத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதாவது, இரண்டு உலைகளும் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியில் வெளியேற்றும் அத்தனையும் அங்கேயே இருக்கலாம் என்ற அளவில் கட்டப்படுகிறது. மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் வழியில் சிறிது காலம் தங்கும் இடம் என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு பெரிதாக ஏன் கட்ட வேண்டும்? எனக்குத் தெரிந்து இதற்கு நேர்மையான பதில், அந்தச் சிறிது காலம் எவ்வளவு என்று கட்டுகிறவர்களுக்கே நிச்சயம் இல்லை என்பதுதான். எச்சரிக்கையோடு பெரிதாகக் கட்டுவதில் தவறில்லை. அதைத் தற்காலிகம் என்ற பெயரில் ஆய்வுக்கு அனுப்புவதில்தான் சிக்கல்.

ஏனென்றால் ஆய்வு எதைப் பார்க்கிறது? கட்டுமானத் தூசி, நிலத்தடி நீர், வெளியேறும் காற்று, ஊழியர்களும் மக்களும் பெறும் கதிரியக்க அளவு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. ஆறிய கட்டுகள் ஆழமான தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஒரு குளம் சாதாரண நாட்களில் அந்த வரம்பின் ஒரு சிறு துளியைக்கூடத் தொடாது. ஆய்வு அப்படித்தான் சொல்லும், சொல்வதும் சரியாக இருக்கும். ஆனால் ஆய்வின் எல்லை என்ற பெட்டியைச் சின்னதாக வரைந்தால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும், புளூட்டோனியம்-239-க்கு 24,000 ஆண்டு. நாற்பது ஆண்டுக்குப் பிறகு குளத்தின் தண்ணீரைச் சுத்திகரித்துக்கொண்டும் பம்புகளை ஓட்டிக்கொண்டும் இருக்கப்போவது யார், உலைகள் மின்சாரம் விற்பதை நிறுத்திய பிறகு அதற்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இப்படிப் பெட்டியைச் சின்னதாக வரைவதை அமெரிக்காவில் ஒரு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. நிரந்தரக் கிடங்கு எப்படியும் ஒருநாள் வரும் என்ற நம்பிக்கையை வைத்தே அங்குள்ள அணு ஒழுங்குமுறை ஆணையம் பல பத்தாண்டுகளாக நிலையங்களுக்கு உரிமம் கொடுத்துவந்தது. நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டன. கிடங்கு வராமலே போனால் என்ன ஆகும் என்றும் ஆராய வேண்டும், குளம் கசிந்தால், குளத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்றும் முறையாக ஆராய வேண்டும் என்று 2012 ஜூனில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆணையம் இரண்டு ஆண்டுகள் இறுதி உரிமங்களை நிறுத்திவைத்து, 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உலையின் உரிமம் முடிந்து 60 ஆண்டு, அதற்கு மேல் நூறு ஆண்டு, அப்புறம் காலவரையே இல்லாமல் என்று மூன்று நிலைகளையும் அது தனித்தனியே எடுத்துப் பார்த்தது. அந்த ஆய்வின் முடிவுகள் ரொம்பவே நம்பிக்கை மிகுந்தவை என்று விமர்சனம் உண்டு. இருக்கட்டும். ‘போகாமலே இருந்துவிட்டால்’ என்ற கேள்வி குறைந்தபட்சம் தாளில் எழுதப்பட்டது.

இந்தியாவிலும் முன்னுதாரணம் இருக்கிறது, தாராப்பூரில். 1969-ல் ஓடத் தொடங்கிய அந்த உலைகள் அமெரிக்கா கொடுத்தவை. எரிந்த எரிபொருளை மறுசுத்திகரிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இந்தியா இருந்தது. அமெரிக்கா ஒப்புதல் தரவில்லை. கட்டுகள் குவிந்தன, கடைசியில் அங்கேயும் ஒரு ஏ.எஃப்.ஆர். கட்ட வேண்டியதாயிற்று. கூடங்குளத்துக்கு ரஷ்யாவின் ஒப்புதல் கிடைத்துவிட்டது, ஆலைதான் பாக்கி. இந்தியாவில் இயங்கிவரும் மறுசுத்திகரிப்பு ஆலைகள் கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளின் எரிபொருளை மையமாக வைத்தவை. கூடங்குளத்தின் கட்டுகள் செறிவூட்டிய யுரேனியம், நீண்டகாலம் எரிந்தவை, அதோடு சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருப்பவை. கண்காணிப்புக்கு உட்பட்ட ஆலையில்தான் அவற்றைப் பிரிக்க முடியும். ‘இது சொத்து’ என்ற வாதம் அந்த ஆலை ஓடத் தொடங்கும் தேதியைப் பொறுத்தது. ஏ.எஃப்.ஆரின் ஆய்வு அறிக்கையில் எனக்கு முதலில் தேடத் தோன்றுவது அந்தத் தேதியைத்தான்.

2022 பிப்ரவரியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதம், எரிந்த எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பச் சொன்னது. முடியாவிட்டால் மக்கள் வசிக்காத, சூழல் பாதிப்புக்கு இடமில்லாத பகுதியில் ஆழ்நிலக் கிடங்கு அமைக்கச் சொன்னது. கோரிக்கையின் முதல் பாதி, 1998-ல் டெல்லி ஆசைப்பட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது. அணுசக்தித் துறை லேசில் இணங்காது. இரண்டாம் பாதியில், மக்களே இல்லாத அந்தப் பகுதி எங்கே என்பதைக் கோலார் அனுபவத்தை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் எரிபொருளே மாறிவிட்டது. 2022 முதல் ரஷ்யா டி.வி.எஸ்-2எம் என்ற புதிய வகைக் கட்டுகளை அனுப்பத் தொடங்கியது. பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் பதினெட்டு மாதம் உலையை நிறுத்தாமல் ஓட்டலாம். ஆண்டுக்கு வெளியே வரும் கட்டுகளின் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு கட்டும் அதிகம் எரிந்து வரும் என்பதால், வரும்போது அதன் வெப்பமும் கதிரியக்கமும் கூடுதலாக இருக்கும், ஆறக் கூடுதல் காலம் பிடிக்கும். மேலே நான் போட்ட நாற்பது ஆண்டுக் கணக்கு பழைய கட்டுகளை வைத்துப் போட்டது. புதியதை வைத்துப் போட்டால் ஆண்டுகள் நீளும், குளம் தாங்க வேண்டிய வெப்பமும் மாறும்.

மூன்றாம், நான்காம் உலைகளுக்கு 2017-லும், ஐந்தாம், ஆறாம் உலைகளுக்கு 2021-லும் அடித்தளம் போட்டாயிற்று. அவை ஓடத் தொடங்கி ஏழெட்டு ஆண்டில் அவற்றின் குளங்களுக்கும் இதே இடநெருக்கடி வரும். அடுத்த ஏ.எஃப்.ஆருக்கான அறிக்கை வரும்போது அதில் தேட வேண்டியவை சில உண்டு. எத்தனை ஆண்டுச் சேமிப்பு என்று எண்ணாகப் போட்டிருக்கிறதா? அந்த எண் தாண்டினால் யார் பொறுப்பு, எந்த நிதியிலிருந்து? எரிந்த எரிபொருளை வாங்கிக்கொள்ளப்போகும் ஆலையின் பெயரும் கொள்ளளவும் இருக்கிறதா? உலர் கலன்களில் வைக்கும் வழியை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? முதல் குளம், இரண்டாவது குளம் என்று தனித்தனியே இல்லாமல், ஆறு உலைகளின் எரிபொருளும் ஒரே மதிலுக்குள் இருப்பதைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா? இதற்கான பக்கங்கள் இல்லாத அறிக்கையில், தூசி பற்றியும் நிலத்தடி நீர் பற்றியும் எத்தனை அட்டவணை இருந்தாலும், ராதாபுரத்தில் கேட்க வந்தவர்களுக்கு அதில் பதில் இருக்காது.